பனிக்கால சூப் எங்கே பிழைக்கிறது? மலைநாட்டுக் குசினிக்கு ஒரு வழிமுறை

போன தை மாதம் ஓர் இரவு எட்டு மணிக்குத் தம்பியின் மனைவி அழைத்தாள். வவுனியாவில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணம் முடித்து நுவரெலியாவுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

"மச்சாள், கடலைப்பருப்பு ஒரு மணித்தியாலமா கொதிக்குது. இன்னும் நடுவில கல்லு மாதிரி இருக்கு. கடைக்காரன் பழைய பருப்பைத் தந்துபோட்டானோ?"

"தக்காளி எப்ப போட்டே?"

"பருப்போடயே போட்டுட்டன்."

கடைக்காரர் மேல் பிழையில்லை. ஊர் உயரத்தில் இருக்கிறது, தக்காளி முந்திக்கொண்டது. பிழை அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் கேட்டதும், நானே இத்தனை வருடத்தில் கெடுத்துக் கெடுத்துப் படித்ததும் சேர்ந்து இப்படி ஒரு வழிமுறையாகிவிட்டது. உங்கள் சட்டியில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள்.

அதற்கு முன் ஒரு அளவு. கீழே "சூப்" என்று சும்மா சொன்னால் நான் நினைப்பது இதைத்தான். நான்கு பேருக்கு 100 கிராம் மைசூர்ப் பருப்பு, இரண்டு கரட், ஒரு லீக்ஸ், நடுத்தர உருளைக்கிழங்கு ஒன்று, ஒன்றேகால் லீட்டர் தண்ணீர், ஒரு துண்டு இஞ்சி, நான்கு பல் வெள்ளைப்பூடு, அரைத் தேக்கரண்டி மிளகு. உப்பும் தேசிக்காயும் கடைசியில்.

பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது

கொதிப்பதும் வேகுவதும் ஒன்றில்லை. மலையில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். கடற்கரையில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கிறது. மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால், ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீற்றருக்கும் கொதிநிலை ஒரு பாகை இறங்கும். ஹட்டனும் பண்டாரவளையும் 1200 மீற்றருக்குச் சற்று மேலே இருப்பதால் அங்கே 96 பாகைக்குக் கிட்டத்தான். 1868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவில் 94. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த சட்டியில் அதற்கு மேல் ஏறாது. தண்ணீர் ஆவியாகும், கேஸ் தீரும், பருப்பு அதே 94இல்தான் கிடக்கும்.

ஆகவே கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்துகொண்டு ஒருவர் "20 நிமிடம் வேக விடுங்கள்" என்று எழுதினால், அதை நாம் 30 என்று வாசிக்க வேண்டும். மைசூர்ப் பருப்பு மெல்லியது, சமாளித்துவிடும். கடலைப்பருப்பு, கடலை, பயறு, காய்ந்த போஞ்சி விதை எல்லாம் இரவே ஊறப்போட்டால்தான் வழிக்கு வரும். ஊறும் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போடலாம். உப்புப் போட்டால் பருப்பு இறுகும் என்று பலர் சொல்வார்கள். ஊறும்போது போடும் உப்பு தோலை இளக்கத்தான் செய்கிறது.

இறுக்குவது புளிப்புத்தான். தக்காளி, கொறக்கா, பழப்புளி, தேசிக்காய், எதுவானாலும் சரி. பருப்பின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் என்ற பசை கரைந்தால்தான் பருப்பு குழையும். புளிப்பு அந்தப் பசையைக் கரையவிடாது. பருப்பு விரலில் நசுங்கிய பிறகு தக்காளி போடுங்கள். முன்னாலேயே போட்டாயிற்றா? தக்காளித் துண்டுகளை அகப்பையால் அள்ளி வேறாக வைத்துவிட்டு, ஒரு சிட்டிகை அப்பச்சோடா தூவி, இன்னொரு அரை மணித்தியாலம் விடுங்கள். சிட்டிகை என்றால் சிட்டிகைதான். கூடினால் சூப்பில் சவர்க்கார ருசி வரும், பருப்பில் இருக்கும் விற்றமின் பி1உம் அழியும்.

தண்ணீரைக் குறை சொல்ல இங்கே வழியில்லை. யாழ்ப்பாணத்துக் கிணற்றில் சுண்ணாம்பு அதிகம், அது பருப்பைச் சுணங்கவைக்கும். மலை ஊற்றிலிருந்து வரும் நம் பீலித் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது.

குக்கர் இருந்தால் இந்தத் தலைவலி பாதி இல்லை. குக்கரின் வெயிட் வெளிக்காற்றழுத்தத்துக்கு மேலே ஓர் அளவு அழுத்தத்தைக் கூட்டுகிறது, வெளியே அழுத்தம் குறைவாக இருப்பதால் உள்ளேயும் சற்றுக் குறையும். ஹட்டன் உயரத்தில் பத்து வீதமும் நுவரெலியாவில் இருபது வீதமும் நேரத்தைக் கூட்டினால் கணக்குச் சரி. பருப்புக்குக் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம், அரைத் தேக்கரண்டி எண்ணெய் விடுங்கள். இல்லாவிட்டால் நுரை பொங்கி விசில் ஓட்டையை அடைக்கும்.

காய்ந்த சிவப்புப் போஞ்சி விதை போடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அரைவேக்காட்டில் அது நஞ்சு, வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். குறைந்தது ஐந்து மணித்தியாலம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அரை மணித்தியாலமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும். நம் உயரத்தில் இதைக் குக்கரில் வைப்பதே புத்தி. கங்கு அடுப்பில் ராத்திரி முழுக்க மெதுவாக வேகட்டும் என்று விடக்கூடாத விதை இது.

பால் திரிந்துவிட்டது

சொதி வைக்கத் தெரிந்தவருக்கு இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சொதியில் காட்டும் கவனத்தைச் சூப்பில் யாரும் காட்டுவதில்லை.

தேங்காய்ப்பாலில் எண்ணெய்த் துளிகளைப் புரதம் போர்த்தி வைத்திருக்கிறது. சூடு மிஞ்சினாலோ புளிப்புப் பட்டாலோ புரதம் திரண்டுவிடும், போர்வை போன எண்ணெய் தனியே மிதக்கும். மேலே பூப்பூவாகத் தெரிவது அதுதான். கெட்டுப்போகவில்லை, குடிக்கலாம். பார்க்கத்தான் சகிக்காது.

திரிந்ததைச் சேர்க்க முதலில் அடுப்பிலிருந்து இறக்குங்கள். ஐந்து நிமிடம் ஆறட்டும். ஒரு தேக்கரண்டி சோள மாவையோ அரிசி மாவையோ பச்சைத் தண்ணீரில் கரைத்து விட்டு, மத்தால் நன்றாகக் கடையுங்கள். பிறகு மிகச் சிறு தணலில் மூன்று நிமிடம். முழுக்க முன்போல வராது. முக்கால்வாசி வரும். விருந்தாளி வந்திருந்தால் மேலே கொத்தமல்லித் தழையைத் தூவிவிடுங்கள், மீதிக் காலும் மறைந்துவிடும்.

திரியாமல் வைப்பதற்கு நான் செய்வது இது. மரக்கறி முழுக்க இரண்டாம் பாலிலோ தண்ணீரிலோ வேகும். உப்புப் போட்டுப் பார்த்து, சூப் முடிந்தது என்று தோன்றிய பிறகுதான் முதற்பால். விட்டதும் சட்டியை மூடக் கூடாது, பக்கத்தை விட்டு நகரவும் கூடாது. அகப்பையால் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே இருந்தால் நடுவில் ஒன்றும் தெரியாது, சட்டியின் ஓரத்தில் மட்டும் கடுகளவு குமிழ்கள் வரிசையாக வந்து நிற்கும். கறிவேப்பிலை ஒன்று அந்த ஓரத்தில் ஒதுங்கி நடுங்க ஆரம்பிக்கும். அதுதான் நேரம், இறக்குங்கள். தேசிக்காய் பிழிவது சட்டி நிலத்தில் உட்கார்ந்த பிறகு.

மாட்டுப்பாலும் பால்மாவும் சேர்க்கும் தக்காளி சூப்பில் இன்னொரு தந்திரம் வேண்டும். பாலைக் கொண்டுபோய்த் தக்காளியில் ஊற்றினால் முதல் துளியிலேயே அவ்வளவு புளிப்பும் அதன் தலையில் விழும். மாற்றிச் செய்யுங்கள். தக்காளிச் சாற்றைக் கொஞ்சம் மாவு விட்டுத் தடிப்பாக்கி, அதைச் சூடான பாலில் மெதுவாக ஊற்றிக் கலக்குங்கள். பிறகு கொதிக்கவிட வேண்டாம். பால்மாவை நேரே சூப்பில் கொட்டினால் கட்டி கட்டியாக மிதக்கும், இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்தே சேர்க்க வேண்டும்.

தண்ணியாக இருக்கிறது, அல்லது கெட்டியாகிப் பிறகு இளகிவிட்டது

தண்ணியாக இருப்பதற்கு மருந்து சட்டிக்குள்ளேயே இருக்கும். வெந்த உருளைக்கிழங்கையும் கரட்டையும் இரண்டு அகப்பை அள்ளி மசித்துத் திரும்பப் போடுங்கள். முதலிலேயே ஒரு கைப்பிடி அரிசியோ இரண்டு மேசைக்கரண்டி மைசூர்ப் பருப்போ கூடப் போட்டிருந்தால் இந்தக் கேள்வியே வராது. பழைய பாண் துண்டு ஒன்றை ஓரம் நீக்கிப் பிய்த்துப் போட்டாலும் போதும். தோட்டத்து வரிசை வீடான லயத்தின் சமையலில் பாண் வீணாகாத வழிகளில் இதுவும் ஒன்று.

சோள மாவு கரைத்து ஊற்றுகிறவர்கள் ஊற்றிய உடனே இறக்கிவிடுகிறார்கள். மாவு நன்றாக வேக 95 பாகைக்குக் கிட்ட வேண்டும், நம்மூரில் கொதியே அவ்வளவுதான். அதனால் கொதி வந்த பிறகு இரண்டு மூன்று நிமிடம் பொறுத்தால்தான் பச்சை மாவு ருசி போகும், தடிப்பும் வரும். ஒரு லீட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும்.

நன்றாகக் கெட்டியாக இருந்த சூப் அரை மணித்தியாலத்தில் தண்ணியாகிவிட்டதா? ருசி பார்த்த கரண்டியைத் திரும்பச் சட்டியில் போட்டவர் யார் என்று விசாரியுங்கள். எச்சிலில் இருக்கும் அமிலேஸ் மாவுப்பொருளைச் சீனியாக உடைக்கும். இளஞ்சூட்டில் இருக்கும் சூப்பில் அது நிம்மதியாக வேலை செய்யும். எங்கள் அம்மாயி எச்சில் கரண்டிக்குக் கையில் அடிப்பார். நாங்கள் அதை ஆசாரம் என்று நினைத்தோம். சூப்பையும் அது காப்பாற்றியிருக்கிறது. மாவு விட்ட பிறகு தேசிக்காய் பிழிந்து நெடுநேரம் கொதிக்கவிட்டாலும் இதே கதிதான்.

பசை மாதிரி இழுக்கிறது

உருளைக்கிழங்கை பிளெண்டரில் அடித்திருப்பீர்கள். பிளேடு கிழங்கின் செல்லையெல்லாம் கிழித்து மாவை வெளியே தள்ளிவிடும், அது சுவரொட்டி ஒட்டும் பசைதான். திருப்ப முடியாது. சூடான தண்ணீரோ எலும்புச் சாறோ விட்டு இளக்கி, வெந்த கரட்டைக் கையால் மசித்துச் சேர்த்துச் சமாளியுங்கள். அடுத்த முறை கிழங்கை மத்தால் மசித்துவிட்டு, கரட், பூசணி, லீக்ஸை மட்டும் பிளெண்டரில் போடுங்கள்.

பிளெண்டரைப் பற்றிப் பேசும்போதே சொல்லிவிடுகிறேன். கொதிக்கக் கொதிக்க ஊற்றி மூடியை இறுக்கிச் சுற்றினால் ஆவி மூடியைத் தள்ளிக்கொண்டு வரும். என் இடது மணிக்கட்டில் ஒரு பூசணி சூப்பின் அடையாளம் இன்னும் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாமல், மூடியின் நடு ஓட்டையைத் திறந்து, மேலே துணியைப் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உப்பு கூடிவிட்டது

உருளைக்கிழங்கு உப்பை உறிஞ்சும் என்பது நம்பிக்கை. அது தண்ணீரை உறிஞ்சும், தண்ணீரோடு அதிலிருக்கும் உப்பும் போகும், மிச்சத் தண்ணீரின் உவர்ப்பு அப்படியே நிற்கும். கிழங்கைப் போட்டு எடுத்து வீசுவதில் பலனில்லை. கூட்டத்தான் வேண்டும். உப்பில்லாமல் வெந்த பருப்பு, தண்ணீர், தேங்காய்ப்பால், எது இருக்கிறதோ அது. துளி தேசிக்காயும் ஒரு சிட்டிகை சீனியும் நாக்கைக் கொஞ்சம் ஏமாற்றும்.

உப்பு கூடுவதற்கு மூலகாரணம் பெரும்பாலும் சூப் கட்டி. கட்டியில் பெரும்பங்கு உப்புத்தான். அதைப் போட்டுவிட்டுப் பழக்கதோஷத்தில் கல்லுப்பையும் போடுவோம். மாசி (காய்ந்த சூரை மீன்) போட்டாலும் அப்படியே. கட்டி, மாசி, கருவாடு இவற்றில் ஒன்று விழுந்திருந்தால் உப்புப் போத்தலைத் தூரத்தில் வைத்துவிட்டு, இறக்கும் நேரம் பாருங்கள்.

கசக்கிறது

இதில் கவனமாக இருங்கள். சில கசப்பு ருசிக்குறைவு, சில கசப்பு ஆபத்து.

சுரக்காயோ பூசணியோ கசந்தால் சட்டியோடு கொட்டுங்கள். குக்கர்பிற்றசின் என்ற நச்சுப்பொருள் அது, கொதித்தாலும் போகாது. காய் வெட்டியதும் நுனியில் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துத் துப்பிப் பார்க்கும் பழைய பழக்கத்தை விடாதீர்கள். வெளிச்சத்தில் கிடந்து பச்சை ஓடிய உருளைக்கிழங்கும் அப்படித்தான். கொஞ்சம் பச்சை என்றால் ஆழமாகச் சீவி எறியலாம், பாதிக் கிழங்கு பச்சை என்றால் கிழங்கையே எறியுங்கள். ரோட்டோரக் கடைகளில் அழகாகக் கழுவி அடுக்கிய கிழங்கில் இது அடிக்கடி அகப்படும். மண் ஒட்டிய கிழங்குதான் என் தெரிவு.

கரட் கசப்பது இன்னொரு கதை. வாழைப்பழமும் அப்பிளும் பழுக்கும்போது எதிலீன் என்ற வாயுவை விடும். அதே பையில் கரட் இரண்டு நாள் கிடந்தால் கசப்பேறிவிடும். உடம்புக்கு ஒன்றும் செய்யாது, சூப்பைத்தான் கெடுக்கும். தோலோடு தடிப்பாகச் சீவினால் பெரும்பாலும் குறையும்.

மற்றது கருகிய வெள்ளைப்பூடு. பொன்னிறத்துக்கும் கரிக்கும் நடுவே பத்து விநாடிதான். கருகினால் அந்த எண்ணெயோடு கொட்டிவிட்டுப் புதிதாகத் தாளியுங்கள். இரண்டு பல் பூட்டுக்காக முழுச் சட்டியைப் பலி கொடுக்காதீர்கள்.

பல்லில் மண் நறநறக்கிறது

லீக்ஸ். வேறு யாரும் இல்லை.

தண்டு வெள்ளையாக வர வேண்டும் என்று அடியில் மண் அணைப்பார்கள், மழை அந்த மண்ணை மடல்களுக்கு இடையில் இறக்கிவிடும். முழுத் தண்டைக் குழாயடியில் காட்டினால் வெளி மடல்தான் கழுவப்படும். வேரை வெட்டாமல் வைத்துக்கொண்டு, வெள்ளைத் தண்டு பச்சையாக மாறும் இடத்தில் கத்தியைக் குத்தி நுனி வரை நீளமாகக் கீறுங்கள். திருப்பி இன்னொரு கீறல். இப்போது புத்தகம் மாதிரி விரியும். ஒவ்வொரு ஏடாக விரித்துப் பாருங்கள், மடிப்புக்குள் தேயிலைத் தூள் மாதிரி கறுப்பாக ஒரு கோடு ஒட்டியிருக்கும். பேசின் நிறையத் தண்ணீரில் தலைகீழாக அமிழ்த்தி உதறினால் அது அடியில் போய் உட்காரும். லீக்ஸை மேலே தூக்கி எடுங்கள். தண்ணீரோடு வடிதட்டில் கவிழ்த்தால் அடியில் படிந்த மண் அத்தனையும் திரும்ப லீக்ஸின் தலையில்தான்.

சூப்பிலேயே மண் வந்துவிட்டால் பத்து நிமிடம் அசையாமல் வைத்து, மேலாக வேறு சட்டிக்கு ஊற்றி, அடியில் இரண்டு அங்குலத்தைத் தியாகம் செய்யுங்கள்.

(1840களின் கடைசியில் நுவரெலியாவில் பண்ணை போட்ட ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கரின் காலத்திலிருந்து இந்த வெள்ளைக்கார மரக்கறி நம் மலையில் விளைகிறது. கழுவும் வித்தை இன்னும் எல்லா வீட்டுக்கும் வந்து சேரவில்லை.)

எலும்பு சூப் கலங்கலாக, வாடையாக, எண்ணெயாக இருக்கிறது

ஆட்டெலும்பு ஒரு கிலோவுக்கு மூன்று லீட்டர் தண்ணீர். எலும்பைப் பச்சைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து ஐந்து நிமிடத்தில் சாம்பல் நிறத்தில் நுரை கட்டும்போது, தண்ணீரை முழுக்கக் கொட்டி எலும்பைக் கழுவுங்கள். "சத்தெல்லாம் போகுதே" என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். போவது இரத்தக் கசடும் கவிச்சியும்தான். சத்து இறங்க மணித்தியாலக்கணக்காகும்.

பிறகு புதுத் தண்ணீர், அதுவும் பச்சைத் தண்ணீர்தான். கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள். விறகடுப்பில் மிலாறு, அதாவது கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கிளை, வைத்து எரிக்கும் வீட்டில் இதுதான் கஷ்டம். மிலாறு பக்கென்று பிடித்துப் படபடவென்று எரிந்து தீர்ந்துவிடும், சூப்புக்கு வேண்டியது நிதானம். மிலாறால் கொதி வரவைத்து, கட்டை விறகின் தணலுக்கு மாற்றுங்கள். சட்டி தளதளவென்று கொதித்தால் கொழுப்பு நுண்ணிய துளியாக உடைந்து தண்ணீரோடு கலந்துவிடும். கலங்கல் அதனால்தான் வருகிறது, பிறகு எந்தத் துணியில் வடித்தாலும் தெளியாது. இடைக்கிடை ஒரு குமிழ் வந்து உடைவது போல இருந்தாலும் பரவாயில்லை. ஆட்டெலும்புக்கு மூன்று மணித்தியாலம், கோழிக்கு ஒன்றரை முதல் இரண்டு, மாட்டெலும்புக்கு ஐந்தாவது வேண்டும்.

குக்கரில் வைத்தால் விசிலைத் தூக்கி ஆவியை விடாதீர்கள். அழுத்தம் திடீரென்று இறங்கும்போது உள்ளே எல்லாம் ஒரே நேரத்தில் கொந்தளித்துக் கொதிக்கும், அந்த ஒரு நிமிடத்தில் தெளிவு போய்விடும். தானாக அடங்கட்டும்.

மேலே மிதக்கும் கொழுப்புக்குப் பனிக்காலத்தில் இலவச வைத்தியம் இருக்கிறது. வடித்த சாற்றை அகலமான சட்டியில் ஊற்றி, பீலித் தண்ணீர் நிரப்பிய பேசினுக்குள் இறக்குங்கள். இரண்டு தடவை தண்ணீர் மாற்றினால் ஒரு மணித்தியாலத்தில் ஆட்டுக்கொழுப்பு வெள்ளையாகத் தகடு கட்டிவிடும். கத்தி நுனியால் ஓரத்தைக் கிளப்பினால் முழுசாக எழும்பி வரும், குளத்தில் உறைந்த பனியைத் தூக்குவது போல. கீழே இருக்கும் சாறு பாயாசக்கட்டி மாதிரி நடுங்கினால் சந்தோஷப்படுங்கள், எலும்பின் ஜெலற்றின் நன்றாக இறங்கியிருக்கிறது. நடுங்காவிட்டால் தண்ணீர் கூடிவிட்டது, அல்லது நேரம் போதவில்லை, அல்லது காலும் மூட்டும் இல்லாமல் வெறும் தொடை எலும்பாக வாங்கிவந்திருக்கிறீர்கள்.

எல்லாம் சரி, ஆனால் சப்பென்று இருக்கிறது

இந்த வரிசையில் பாருங்கள். முதலில் உப்பு. அது சரியென்றால் தேசிக்காய் நான்கு துளி. அதற்குப் பிறகும் சப்பென்று இருந்தால் தாளிதம் இல்லை.

சூப்புக்கு எதற்குத் தாளிதம் என்று கேட்காதீர்கள். ஆங்கிலேயர் தங்கள் சூப் பட்டியலில் மல்லிகட்டோனி என்று எழுதி வைத்திருப்பதே நம் மிளகுத்தண்ணிதான். மிளகின், சீரகத்தின் வாசனை எண்ணெயில்தான் அவிழும், தண்ணீரில் பாதி உறங்கிவிடும். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சீரகம், தட்டிய மிளகு, கறிவேப்பிலை, வெள்ளைப்பூடு. சத்தம் அடங்குமுன் சூப்பில் கொட்டி உடனே மூடுங்கள். இரண்டு நிமிடம் திறக்க வேண்டாம். மச்சம் சாப்பிடுகிற வீடென்றால் ஒரு தேக்கரண்டி இடித்த மாசி, பருப்பு சூப்பின் ஆளையே மாற்றிவிடும். ரம்பை இலை இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம், பிறகு சோற்றைக் குடிப்பது போல இருக்கும்.

மிளகுத்தூள் டின்னில் ஆறு மாதமாகக் கிடக்கிறது என்றால் அதை இடுப்பில் கட்டிக்கொண்டாலும் காரம் வராது. அம்மியில் முழு மிளகைத் தட்டுங்கள்.

அடிப்பிடித்து, புகை ருசி

சுரண்டாதீர்கள். அகப்பை அடியைத் தொடாமல் மேலாக வேறு சட்டிக்கு மாற்றி, ருசி பாருங்கள். புகை ஏறாவிட்டால் தப்பித்தீர்கள். ஏறிவிட்டால் தப்பவில்லை, எந்த மசாலாவும் மறைக்காது.

கோவா நாறுகிறது

வேகும் நேரம் நீள நீளக் கோவாவில் (முட்டைக்கோஸ்) கந்தக வாடை கூடும். மெல்லியதாக அரிந்து கடைசி ஐந்து நிமிடம் மட்டும், மூடாமல். முள்ளங்கிக்கும் இதே. பீட்ரூட் எல்லாவற்றையும் சிவப்பாக்குவதற்கு வழி ஒன்றுமில்லை, தனிச் சட்டியில் வையுங்கள்.

குடித்து முடிப்பதற்குள் ஆறிப்போகிறது

விடியற்காலையில் புல்லில் துகள் உறைபனி படியும் மாதங்களில் பீங்கான் கோப்பையே பாதிச் சூட்டைத் தின்றுவிடும். ஊற்றுவதற்கு முன் கேத்தல் தண்ணீரைக் கோப்பையில் நிரப்பி ஒரு நிமிடம் வைத்துக் கொட்டுங்கள். அகலக் கோப்பையைவிடத் தேநீர் மக் நல்லது. ஆட்டெலும்பு சூப் ஆறினால் கொழுப்பு அண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டும், அதனால் அதை மட்டுமாவது பிளாஸ்கில் ஊற்றி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். மலையில் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பிளாஸ்கில் கொடுத்துவிடுவதென்றால், பிளாஸ்கையும் முதலில் கொதிநீரால் சூடாக்கி, சூப்பை நன்றாகக் கொதிக்கவைத்தே ஊற்ற வேண்டும். தேங்காய்ப்பால் விட்டதைப் பிளாஸ்கில் அனுப்ப வேண்டாம், பத்து மணிக்குள் ஒரு மாதிரி வாடை வந்துவிடும்.

காலையில் புளித்துவிட்டது

"இந்தக் குளிருக்கு எதுக்கு ஃபிரிட்ஜ்?" என்று மூடி வைத்த சட்டி அடுப்புத் திட்டிலேயே இருந்திருக்கும். வெளியே 10 பாகை இருக்கலாம், ஆனால் சாம்பலுக்குள் தணல் இருக்கும் திட்டு விடியும் வரை வெதுவெதுப்புத்தான். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் கிருமி பெருகும், பருப்பும் எலும்புச் சாறும் அதற்கு விருந்து. வெளிக்குளிரைக் கூட நம்ப முடியாது. மதியம் ஏறினால் வெயில் சுள்ளென்று அடிக்கிற ஊர் இது.

ஆகவே சூப் மிஞ்சும் என்று தெரிந்தால், பாலும் தேசிக்காயும் சேர்க்குமுன்னே மீதியைத் தனியே எடுத்துவிடுங்கள். எலும்புச் சாற்றுக்குச் சொன்னது போலவே பேசின் தண்ணீரில் வைத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் ஆற்றி, ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் அன்றைக்குக் குடிக்கும் அளவுக்கு மட்டும் வைப்பதே சரி. காலையில் மூடியைத் திறக்கும்போது நுரையோ நூல் இழுப்போ புளித்த வாடையோ இருந்தால், கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். கிருமி சாகும், அது விட்டுப்போன நஞ்சில் சில கொதியிலும் சாகாது.

நல்லபடி இருந்தால் தளதளவென்று ஒரு கொதி. இரவு முழுக்கப் பருப்பும் கிழங்கும் தண்ணீரைக் குடித்திருக்கும், அதனால் அரைக் கோப்பை வெந்நீர் விட்டு உப்பைத் திரும்பப் பாருங்கள். தம்பியின் மனைவி இப்போது அந்த மீதியில் முதல்நாள் பாணைப் பிய்த்துப் போட்டு, மேலே ஒரு பச்சைக் கொச்சிக்காயைக் கீறி வைத்து, காலைச் சாப்பாடே அதுதான் என்கிறாள். தக்காளியை அவள் இன்னும் முதலிலேயே போடுகிறாள். மைசூர்ப் பருப்புக்கு மட்டும்.